டீச்சருக்குக் கொண்டுபோன வல்லாரை

முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு காலில் மட்டும் செருப்போடு நடப்பது கோணலாக இருந்ததால் மற்றதையும் கழற்றினேன். வளைவுக்கு வளைவு பலகையில் எண் எழுதியிருந்தது. எழுபதில் தொடங்கி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எண்ணையும் இங்கிலீஷில் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொண்டே போனேன். தர்ட்டி செவன். தர்ட்டி சிக்ஸ். கேட்பதற்குக் குரங்குகள்தான் இருந்தன. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டன.

மாசி மாதம். ரோட்டு ஓரமாகப் பாயிலும் சாக்கிலும் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அந்தக் காரம் மூக்கில் ஏறும். தோள்பையில் மாமன் மகள் இலையில் கட்டிக் கொடுத்த குச்சிக்கிழங்கு இருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன். கீழே சேந்தமங்கலத்தில் ஒரு ஆபீஸ் இருக்கிறது, அங்கே ஒரு அதிகாரி இருக்கிறார், அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று.

"சத்தமாச் சொல்லோணும்," என்றாள் அவள். "இந்த வாட்டி முணுமுணுக்காத."

அதற்காகத்தான் கத்திப் பழகிக்கொண்டு இறங்கினேன்.

கூட்டாளிகளே, அந்த வகுப்பில் இருந்த பதினாலு பேரில் எத்தனை பேர் இப்போது இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஊரில் என்னை ஓடிப்போனவன் என்றுதான் சொல்வார்கள். ஓடவில்லை, நடந்துதான் போனேன். அதற்குப் பிறகு போர்வெல் லாரியிலும் செங்கல் சூளையிலும் ஓட்டல் அடுப்படியிலும் ஏழெட்டு மாநிலங்களில் இருந்தாயிற்று. எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஒரு பருவத்தை எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன். வருத்தப்படுவதற்காக இல்லை. அது எப்படி நடந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம், இத்தனை வருடம் கழித்து, மலைமேல் செம்மேட்டுச் சந்தைவரைக்கும் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண் குழந்தை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போனில் ஒரு குடைப் படம் வந்தது. "வாட் ஈஸ் திஸ்?" என்று போன் கேட்டது. "அம்ப்ரெல்லா!" என்று குழந்தை கத்தியது. அடுத்து சீப்பு. அடுத்து பூட்டு. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"ஏங்கண்ணு, அந்தப் போனுக்கு அது குடைன்னு தெரியாதா?"

குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. "அதுக்குத் தெரியுங்க தாத்தா. எனக்குத் தெரியுமான்னு பாக்குது."

இதை அந்தக் குழந்தைக்கு யார் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்? எங்களுக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை?

மலைமேல் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; திருப்புலி நாட்டில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை இங்கிலீஷ் என்றால் சார் புத்தகத்தைப் படிப்பார், நாங்கள் கூடவே சொல்வோம். எதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் கேட்கமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். பாடம் ஒரு பாட்டு மாதிரி முடியும். நான் மூன்று முறை ஒரே வகுப்பில் உட்கார்ந்தவன். இன்னும் ஒரு முறை என்றால் காட்டு வேலைக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்த வருடம் ஐப்பசியில், இங்கிலீஷ் வராத மலைப் பிள்ளைகளுக்குக் கடைசி மணிக்குப் பிறகு தனி வகுப்பு என்று ஒன்று வந்தது. கீழ்நாட்டில் யாரோ தர்ம காரியம் செய்கிறவர்கள் சம்பளம் கொடுத்து ஆள் அனுப்பியிருந்தார்கள். வந்தவர் ஒரு டீச்சர். காவேரிக் கரைப் பக்கம் ஊர். தடித்த கண்ணாடி. இருபத்தைந்து வயதிருக்கும். அப்போது எங்களுக்கு அது பெரிய வயது. கையில் ஒரு மஞ்சள் பை.

அந்தப் பையைச் சொல்லவேண்டும். அதற்குள் புத்தகம் கிடையாது. சீப்பு, பூட்டு, கரண்டி, மெழுகுவத்தி, சோப்பு டப்பா, ஊசி நூல், ஒரு சிறு கண்ணாடி. தினமும் கையை விட்டு ஒன்றை எடுப்பார். எது வரும் என்று நாங்கள் கழுத்தை நீட்டுவோம். பையிலிருந்து சோப்பு வாசமும் மெழுகு வாசமும் கலந்து வரும். மேலே இருந்த பனிக்கும் ஈரப் பலகைக்கும் நடுவில் அது வேறு ஊர் வாசம்.

முதல் நாள் சீப்பை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "வாட் ஈஸ் திஸ்?"

நாங்கள் சீப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தோம்.

"திஸ் ஈஸ் எ கோம்ப்," என்றார். உடனே திரும்பவும், "வாட் ஈஸ் திஸ்?"

மாமன் மகள் என் பக்கம் குனிந்தாள். "இப்பத்தான் அவங்களே சொன்னாங்க. அதுக்குள்ள மறந்துட்டாங்க பாரு."

சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் கேள்வி கேட்டால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, அவருக்குத் தெரியாது. இரண்டு, அடி விழப்போகிறது. எங்கள் மாடு அடுத்தவன் சாமைக் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே அப்பா என்னிடம், "மாடு எங்கடா?" என்று கேட்டார். "அதா, அங்கதான் நிக்குதே" என்றேன். கன்னத்தில் விழுந்தது. தெரிந்ததைக் கேட்டால் அதுதான் பொருள். டீச்சர் கையில் குச்சி இல்லை, முகத்தில் கோபம் இல்லை. அப்படியானால் அவருக்குத் தெரியாது. வேறு என்ன நினைப்பது?

அவருக்குத் தெரியாது என்பதற்குச் சாட்சியும் நிறைய இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு எங்களோடு நடந்து வருவார். வழி முழுக்கக் கேட்பார். "இது என்னது தம்பி?" சாமைக் கதிர். "இது?" தினை. "ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?" மரத்தைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக் கொடியைக் காட்டி, "வெத்தலையா?" என்று கேட்டார். ஒரு நாள் காலைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ, இது என்ன கருப்பா?" என்று அலறினார். அட்டை. நான்தான் புகையிலைத் தூளைத் தடவி எடுத்துவிட்டேன். கண்ணெதிரே ரத்தம் குடித்துக்கொண்டிருப்பதற்கே பெயர் தெரியாதவர் சீப்புக்கு எப்படித் தெரிந்துவைத்திருப்பார்?

அவர்மீது எங்களுக்கு இரக்கம் வந்தது. மாமன் மகளின் யோசனை, கண்ணாடியில் பனி ஏறி மறைக்கிறது என்பது. நான் காய்ச்சல் என்றேன். என் சித்தப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனபிறகு சொந்த மாடுகளின் பெயரே மறந்துபோயிற்று. டீச்சருக்கும் அப்படி ஒன்று வந்திருக்கவேண்டும்.

எங்கள் அறைக்கும் பெரிய சார் அறைக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்பது பெரிய சாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தோம். மூன்றாம் நாள் பூட்டு வெளியே வந்தது. "வாட் ஈஸ் திஸ்?" மாமன் மகள் எழுந்தாள். நேராக அவரிடம் போனாள். எட்டி, அவர் காதில், "லாக்குங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. "வெரி குட்! வெரி குட் பாப்பா!"

ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு நன்றியா என்று எங்களுக்கு ஆச்சரியம். பிறகு எல்லோரும் அப்படியே செய்தோம். வரிசையாகப் போய்க் காதில் சொல்வோம். பிள்ளைகளுக்குக் கூச்சம் என்று அவர் நினைத்தார். எங்களுக்காகக் குனிந்து கொடுத்தார். தேங்காய் எண்ணெயும் பவுடரும் கலந்த வாசம். காதில் சின்ன சிவப்புக் கல். எனக்கு இன்றைக்கும் கேண்டில் என்றால் வெளிச்சம் நினைவுக்கு வராது, அந்தச் சிவப்புக் கல்தான் வரும். மூன்று வருடம் கூடச் சொல்லியும் வராத இங்கிலீஷ், ஒரே மாதத்தில் ரகசியமாக வந்துவிட்டது. ரகசியமாகச் சொல்ல வேண்டுமானால் முதலில் நமக்குத் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? தினமும் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால், பையில் வராததையும் சேர்த்து, பாடப் புத்தகத்துப் படங்களைப் பார்த்துப் படித்து வைத்துக்கொள்வேன். நாளைக்கு டீச்சர் தடுமாறினால் கைகொடுக்க வேண்டுமே.

அதோடு நிற்கவில்லை. ஞாபக சக்திக்கு வல்லாரை என்று யாருக்குத் தெரியாது? ஓடைக்கரையில் ஈரத்தில் படர்ந்து கிடக்கும். பாத்திகளைப் போல இடம் பிரித்துக்கொண்டு பறித்தோம். தினமும் ஒருவர் முறை. ஒரு கட்டு வல்லாரை, கூடக் கண்ணுக்குக் கொஞ்சம் பொன்னாங்கண்ணி.

"இவ்வளவு எதுக்குப்பா?" என்பார்.

"உடம்புக்கு நல்லதுங்க டீச்சர்," என்போம். எதற்கு நல்லது என்று சொல்லமாட்டோம். சொன்னால் மனசு கஷ்டப்படும்.

அவர் அதைத் துவையல் அரைத்துத் தின்றார். மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாசம் என்று பெரிய சாரிடம் சொன்னாராம். மார்கழியில் பழைய சீப்பை மறுபடி எடுத்து "வாட் ஈஸ் திஸ்?" என்று கேட்டபோது எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டு மாதம் வல்லாரை தின்றும் சீப்பு மனசில் நிற்கவில்லை. அடுத்த நாள் இரண்டு கட்டாகக் கொண்டுபோனோம்.

தை கடைசியில் ஒரு நாள் பையைத் திறக்காமல் எங்கள் முன்னால் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு அதிகாரி வர்றார். இந்த வகுப்பு வேணுமா வேண்டாமான்னு அவர்தான் எழுதணும். நீங்க நல்லாப் பேசினா நான் உங்ககூடவே இருப்பேன். இல்லன்னா என்னை மூட்டை கட்டச் சொல்லிருவாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஊர்ல அம்மாவும் தம்பியும் என்னை நம்பித்தான் இருக்காங்க."

அன்று சாயங்காலம் பதினாலு பேரும் ஓடைக்கரையில் கூடினோம். நான்தான் பேசினேன். பெரியவன் நான்தானே. "நாளைக்கு அந்த ஆள் முன்னாடி டீச்சர் எதையாவது தூக்கிப் புடிச்சுக் கேப்பாங்க. பழக்கம், வுடமாட்டாங்க. நாம சத்தமாச் சொன்னம்னா, இவங்களுக்குத் தெரியாம நம்மளக் கேட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிரும். வேலையே போயிரும். காதுல மட்டுந்தான் சொல்லோணும். வெளியில மூச்சு வுடக்கூடாது."

"அவரே கேட்டா?" என்றது ஒரு சின்னது.

"அவரு கேட்டாலும் அப்படித்தான். நமக்கும் தெரியாதுன்னு சொல்லிப்புடலாம். எல்லாருக்கும் தெரியலைன்னா டீச்சரத் தனியா யாரு குத்தம் சொல்லுவாங்க?"

எல்லோருக்கும் சரியென்று பட்டது. மாமன் மகள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். தூறல். நனைந்த கருப்புக் குடையை மேசைமேல் வைத்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர்தான். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். டீச்சர் பைக்குள் கையை விட்டபோது, "எதுக்கு? இதுலயே ஆரம்பிங்களேன்," என்று குடையைக் காட்டினார்.

டீச்சர் குடையைத் தூக்கினார். "வாட் ஈஸ் திஸ்?"

தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய சார் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அவர் காதில், "அம்ப்ரெல்லாங்க டீச்சர்" என்றேன்.

"என்னவாம்? ஒண்ணுக்குப் போகணுமா?" என்றார் அதிகாரி.

"சரியாச் சொல்லிட்டான் சார்."

"எனக்குக் கேக்கலியேம்மா. டேய் தம்பி, எனக்குச் சொல்லு. இது என்ன?"

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சொல், சொல் என்கிற தலையசைப்பு. பாவம், தன்னைத் தானே காட்டிக்கொடுக்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டேன்.

"தெரியலீங்க."

அடுத்த பெஞ்சு. "தெரியலீங்க." அதற்கடுத்தது. "தெரியலீங்க." பதினாலு பேர். ஒரு ஆள் தவறவில்லை. மாமன் மகள் கடைசியாகச் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்துத் தைரியமாக இருங்கள் என்பது போலச் சிரித்தாள்.

டீச்சர் அந்தக் குடையைக் கீழே வைக்கவே இல்லை. தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சேலையில் இறங்கியது.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. வகுப்பு இல்லை. அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி தெரியலைன்னு சொன்ன? என் காதுல சொன்னியே."

எல்லாவற்றையும் சொன்னேன். தபால் வந்துவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தெரியாததை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை, இனிமேலும் சொல்லமாட்டோம் என்றேன்.

"யாருக்குத் தெரியாதது?"

"உங்களுக்குத்தானுங்க. சீப்பு, பூட்டு, எல்லாம்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

"எனக்குத் தெரியும்பா. எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டேன்."

"தெரிஞ்சா எதுக்குங்க கேட்டீங்க?"

"உங்களுக்குத் தெரியுமான்னு பாக்கத்தான்."

"எங்களுக்குத்தான் தெரியுமே. தினமும் சொன்னமே."

அவர் பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்போ அந்த வல்லாரை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அடப்பாவிகளா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். மறுநாள் கோழி கூவும்போது நான் கிளம்பினேன்.

மிச்ச வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் தண்ணீர் குடித்து, வெறுங்காலோடு சேந்தமங்கலம் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஆபீஸைக் கேட்டுக் கேட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி. அதிகாரி மேசையில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்க டீச்சருக்கு எல்லாந் தெரியுமுங்க!" என்றேன். எழுபது வளைவு பழகிய குரல். பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தது நின்றது.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. குடையைச் சொன்னதும் தெரிந்தது. "எப்படிடா வந்த?" என்றார். நடந்து என்றேன். என் காலைப் பார்த்தார். உட்கார் என்றார். உட்காராமல் நின்றபடியே முழுக்கச் சொன்னேன். காய்ச்சல், தட்டி, காது, வல்லாரை, ஓடைக்கரைச் சத்தியம். நடுவில் ஒரு தடவை அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க என்று இப்போது தோன்றுகிறது.

"சரி. இது என்ன?" பேனாவைத் தூக்கினார்.

"பென்!"

"மெதுவாச் சொன்னாப் போதும். இது?"

"டேபிள்! சேர்! ஃபேன்! விண்டோ! லாக்! கீ!" அவர் கேட்காததையும் சொன்னேன்.

மேசை ஓரத்தில் காகிதக் கட்டின்மேல் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. உள்ளே சிவப்பும் நீலமுமாக ஒரு பூ. அதை எடுத்தார். "இது?"

அந்த மஞ்சள் பையில் அது இருந்ததே இல்லை. அப்படி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"தெரியலீங்க."

உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அன்னைக்கும் இதே குரல்லதான்டா சொன்ன. எது நிஜம்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

"எழுதி அனுப்பினது அனுப்பினதுதான். இன்னொரு கடுதாசி எழுதிப் பாக்கறேன். ஊட்டுக்குப் போ," என்றார்.

இதன் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆனியில் பலாப்பழம் ஏற்றிய வண்டியோடு மாமன் மகள் கீழே வந்தாள். பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கூடத்தில் மஞ்சள் பையோடு ஒரு டீச்சர் வந்திருக்கிறார், தடித்த கண்ணாடி, அவரேதான் என்றாள். இப்போதெல்லாம் முதல் நாளே, "எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் திறக்கிறாராம். என் பேச்சினால் அவர் திரும்பி வந்தாரா, மலையேற வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வகுப்பு திரும்ப வரவில்லை. நானும் ஊருக்குத் திரும்பவில்லை.

திரும்பாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கால் வீங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தேன். விடிந்ததும் பசித்தது. எதிரில் டீக்கடை. வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"எங்கிருந்துடா சாமி வர்ற?"

"மேலருந்துங்க."

"ஓடியாந்தியா?"

"நடந்துதானுங்க வந்தேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு வாளியைக் காட்டினார். பத்து டம்ளர் கழுவி வைத்தேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "என்னடா இது?" என்றார்.

இது எனக்குத் தெரியுமே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டம்ளருங்க!" என்றேன்.

மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. "டம்ளருன்னு எனக்குத் தெரியாதா? அழுக்குடா. அடியில பாரு, அழுக்கு." ஆக, அப்பாவின் கேள்வியும் உலகத்தில் இருந்தது, டீச்சரின் கேள்வியும் இருந்தது. எந்தக் கேள்வி எது என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்போல. மறுபடி கழுவினேன். "ம். இருந்துக்க," என்றார். ஆறு டீயைக் கம்பித் தூக்கில் வைத்துக் கொடுத்தார். "மாடி ஆபீசுக்கு. சிந்தாமப் போ."

அதிகாரி என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "நீ இன்னும் போகலியா?"

"வேலைக்குச் சேந்துட்டனுங்க."

அவர் என் காலைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். கண்ணாடி உருண்டையின் கீழே புதுக் காகிதம் ஒன்று இருந்தது. மை இன்னும் பளபளத்தது. முழுக்க இங்கிலீஷ். டீயை வைத்துவிட்டு உருண்டையைக் காட்டினேன்.

"இது என்னங்க?"

அவர் கண்ணைச் சுருக்கினார்.

"தெரியாமத்தானுங்க கேக்கறேன்."

"பேப்பர் வெயிட்," என்றார்.

"பேப்பர் வெயிட்," என்றேன். நல்ல வார்த்தையாக இருந்தது. ஆனால் ராத்திரியெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. "உள்ள அந்தப் பூவு எப்படிங்க போச்சு?"

அவர் உருண்டையை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். அடியைப் பார்த்தார், ஓட்டை எதுவும் இல்லை. விரலால் தட்டினார். டீயில் ஆடை படிந்தது.

"தெரியலியேடா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், டைப் அடிக்கும் அறைக்குக் கேட்காதபடி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனேன்.